அச்சு முறுக்கும் ஸ்டெப் மார்க்கும்



நேற்று காலை சிங்கப்பூரிலிருந்து பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஸ்கூல் திறந்தா அச்சு முறுக்கு கொண்டு வருவீங்களே, ஆளுக்குப் பாதி ஒடிச்சுக் குடுப்பீங்க, ஞாபகம் இருக்கா? அது எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்க. என் பொண்ணு கேக்குறா" என்றாள்.

சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவள் இதையே கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. "எங்க அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று மழுப்பியிருப்பேன்.

ஏன் பதில் இல்லாமல் போனது, பிறகு எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். நாற்பது நிமிஷ வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். "இதெல்லாம் கைப்பக்குவம், எழுதி வைக்க முடியாது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாம் இனி ஏற்றுக்கொள்ளக் கூடாது. எழுத முடியும். எழுத வேண்டும். எழுதியதை ஒளித்து வைக்காமல் கொடுக்கவும் வேண்டும். இதை யாருக்கும் உபதேசமாகச் சொல்லவில்லை. நான் செய்த தவறிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். இப்போது தஞ்சாவூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கால டிசம்பர் எப்படி இருக்கும் என்று தெரியாது. வயல் முழுக்கச் சம்பா பச்சையாக நிற்கும். அறுவடை தை பிறந்துதான். ஆகவே கிறிஸ்துமஸ் வரும்போது களத்தில் நெல் இருக்காது, அப்பா கையில் காசும் இருக்காது. வானம் வேறு மூடிக்கொண்டு நசநசவென்று தூறும். குடில் கட்ட வைக்கோல் எடுத்தால் அதுவும் ஈரமாக இருக்கும். காசு இல்லாத, வெயில் இல்லாத மாதத்தில் வருகிற பண்டிகை எங்களுடையது.

அந்த மாதத்தில் அம்மா செய்கிற ஒரே இனிப்பு அச்சு முறுக்கு. நகரத்தில் இதை ரோஸ் குக்கீ என்கிறார்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை. இரும்புப் பூ ஒன்றைச் சுடும் எண்ணெயில் காய வைத்து, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டால் பூ கழன்று மிதக்கும். அவ்வளவுதான். எங்கள் அச்சுக்கு எட்டு இதழ். அம்மாவின் கல்யாணத்துக்குச் சீரோடு வந்தது.

பொருள் எல்லாம் குறைவாகத்தான் இருக்கும். அரிசி போன போகத்துப் பழைய அரிசி. அதுவும் நல்லதற்குத்தான், புது அரிசி மாவு குழைந்துவிடும். தேங்காய் கொல்லையில் விழுந்தது. சர்க்கரை ரேஷனில் வாங்கி, ஒரு மாதமாக டீக்குப் போடாமல் சேர்த்தது. இவ்வளவு சிக்கனமாகச் செய்தாலும் முதல் ஈடு எங்களுக்குக் கிடையாது. அது எதிர்வீட்டு அத்தைக்கு. மார்கழி மாதம் அவர்கள் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டார்கள் என்பதால், மாவில் முட்டை உடைத்து ஊற்றுவதற்கு முன்னாலேயே கொஞ்சம் மாவைத் தனியாக எடுத்து வைத்து, புது எண்ணெயில் அதை முதலில் சுட்டு எடுத்துவிடுவார் அம்மா. அந்தத் தட்டு எதிர்வீட்டுக்குப் போன பிறகுதான் எங்களுக்கு முட்டை போட்ட மாவு. தீபாவளிக்கு அதிரசம் வந்த தட்டு, கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கோடு திரும்பிப் போகும். வெறுந்தட்டு எந்தப் பக்கமும் போனது கிடையாது.

"எப்படிம்மா செய்யற?" என்று கேட்டால் அம்மா சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "பதம் பாத்துப் போடணும்."

என்ன பதம், எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், "செஞ்சாத் தெரியும்" என்பார்.

நான் கணக்கு டீச்சர். 34 வருஷம் பாடம் நடத்தினேன். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் எதில் கறார் என்று தெரியும். விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, ஸ்டெப் எழுத வேண்டும். "டீச்சர், ஆன்சர் கரெக்ட்தானே" என்று அழுதவர்கள் இப்போது இஞ்சினியராக இருக்கிறீர்கள். விடை சரியாக இருந்தால் அது உனக்கு மட்டும் உதவும், வழி எழுதியிருந்தால்தான் பக்கத்தில் இருப்பவனுக்கும் உதவும் என்று சொல்லுவேன். அப்படிச் சொன்ன நான், என் சொந்த அம்மாவிடமிருந்து ஒரு ஸ்டெப்கூட எழுதி வாங்கவில்லை. ஒவ்வொரு டிசம்பரும் விடையைத் தின்றுவிட்டு வந்தேன்.

அம்மா 2011-ல் இறந்துபோனார். முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று சாமான்களைப் பிரித்தோம். பித்தளைக் குடம், அண்டா எல்லாம் பேசிப் பிரித்துக்கொண்டோம். அந்த அச்சை மட்டும் அக்கா எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஐம்பது ரூபாய் பெறாத இரும்பு. எனக்கு ஏன் அப்படி வந்ததோ, எல்லார் முன்னாலும், "மூத்தவங்கிறதுக்காக எல்லாம் உனக்கா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பையைத் திறந்து அச்சை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதை நான் எடுத்துக்கொள்ளவும் இல்லை. அண்ணன்தான் மறுநாள் கொண்டுபோய் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு மூன்று கிறிஸ்துமஸ் நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அக்கா போன் செய்வார். "வாடி, வந்து பக்கத்துல நின்னு பாரு, நானும் எத்தனை நாளைக்குச் செய்வேன்" என்பார். "பேப்பர் திருத்தணும்" என்பேன். அந்த மூன்று வருஷமும் பள்ளிக்கு நான் கொண்டு வந்தது கடையில் வாங்கியது. அந்த வருஷத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு ஒடித்துக் கொடுத்தது எங்கள் வீட்டு அச்சு முறுக்கு இல்லை.

நாலாவது வருஷம் சமாதானமாகிப் போனோம். அதற்குள் அக்காவுக்கு மூட்டுவலி. மருமகள் உதவிக்கு நிற்க, நான் போகும்போது டப்பாவில் தயாராக அடுக்கியிருக்கும். தின்றேன், டப்பாவில் வாங்கி வந்தேன். அடுப்புப் பக்கம் போய் நிற்கத் தோன்றவில்லை. அதுதான் இருக்கிறாரே என்ற தைரியம்.

2018 நன்றாக நினைவிருக்கிறது. அந்த வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் பகுதித் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று எங்கே பார்த்தாலும் தோப்பு படுத்துக் கிடந்தது. முப்பது வருஷத்து மரங்கள். பெற்ற பிள்ளை போனதுபோல் ஜனங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸில் அக்கா ஒரே ஒரு ஆழாக்கு மாவில், தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் ஊற்றிச் செய்தார். சீக்கிரமே சிவந்துவிட்டது, வாசனையும் வேறு. "இது அம்மா முறுக்கு இல்லடி. ஆனா செய்யாம விட்டா அடுத்த வருஷம் செய்யத் தோணாது" என்றார். அந்த வாக்கியத்தை அப்போது நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

அக்கா 2023 தவக்காலத்தில் போய்விட்டார். மாரடைப்பு, ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. மருமகள் அச்சைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "அத்தை, இது உங்ககிட்டதான் வரணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்றாள். நான் கேட்டுச் சண்டை போட்ட அச்சு என் மடியில் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மருமகளிடம் கேட்டேன். பாவம், அவள் சுட்டு எடுக்கத்தான் நின்றிருக்கிறாள். மாவு அரைத்துக் கரைப்பதெல்லாம் அக்கா முதல்நாளே தனியாக முடித்துவிடுவாராம். "கரைச்சு மூடி வச்சிருப்பாங்க, நான் வந்து அச்சைப் பிடிப்பேன், அவ்வளவுதான் தெரியும்" என்றாள்.

அந்த டிசம்பரில் முயன்றேன். யூடியூபில் நாலு வீடியோ பார்த்தேன், நாலும் நாலு விதம். மாவு அச்சைவிட்டு வரமாட்டேன் என்றது. வந்தது உடைந்தது. உடையாமல் வந்தது இரவு மொறுமொறுப்பாக இருந்து, காலையில் ஈரத் துணிபோல் தொங்கியது. கிறிஸ்துமஸ் அன்று கடைப் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் ஒன்றை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டார்.

2024-ல் நோட்டுப் போட்டேன். கணக்கு டீச்சர் வழி: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் சர்க்கரை. பிறகு பால். பிறகு முட்டை. ஐந்து தடவை செய்து பார்த்ததில் கழல்வது, உடைவது எல்லாம் சரியாகிவிட்டன. காலையில் நமத்துப் போவது மட்டும் சரியாகவில்லை. ஏதோ ஒரு ஸ்டெப் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை. தெரிந்த இரண்டு பேரும் கல்லறையில்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டு அத்தை அங்கேதான் மகன் வீட்டில் இருக்கிறார் என்று நினைவு வந்து பார்க்கப் போனேன். 86 வயது. கண் மங்கல், காது சரியாக இருக்கிறது. பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னேன். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாவ வறுத்தியா?"

"இல்லியே அத்தை. நிழல்ல உலர்த்தி அரைச்சேன்."

"அடிப் பைத்தியக்காரி. மார்கழி மழையில நிழல்ல என்னடி உலரும்? உங்கம்மா மாவ அரைச்சுச் சலிச்சு இருப்புச்சட்டியில வறுப்பா. வறுத்தத எடுத்துக்கிட்டு விடியக்காலையில எங்க வாசலுக்குத்தான் வருவா. நான் கோலம் போட்டுக்கிட்டு இருப்பேன். சிட்டிகை எடுத்து எங்கோலத்துக்குப் பக்கத்துல ஒரு இழை இழுப்பா. அறுபடாம வந்துச்சுன்னா சிரிச்சுக்கிட்டே போயிருவா. அறுந்துச்சுன்னா இன்னும் ரெண்டு பெரட்டு பெரட்டணும்னு போவா. வருஷா வருஷம் பாத்திருக்கேனே!"

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா சொன்ன அந்தப் "பதம்" இதுதான். கோலம் இழுக்கும் பதம். மாவில் ஈரம் இருந்தால் விரலிடுக்கில் கட்டிக்கொள்ளும், இழை அறுந்து விழும். ஈரம் போயிருந்தால் மணல்போல் ஒரே சீராக வழியும். மழை மாதத்தில் மாவின் ஈரத்தை அளக்க அதைவிட நல்ல கருவி எந்தச் சமையல் கடையிலும் கிடைக்காது. எங்கள் வீட்டு வாசலில் ஸ்டார்தான் கட்டுவோம், கோலம் போடுவது வழக்கமில்லை. எதிர்வீட்டு வாசல்தான் அம்மாவுக்குச் சோதனைச்சாலை.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்று புரிந்தது. எங்கள் வீட்டு ரகசியம் எங்கள் வீட்டில் பிழைக்கவில்லை. பெற்ற பெண் நான், எனக்குத் தெரியாது. மருமகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தது எதிர்வீட்டில், அச்சு முறுக்கு செய்தே பழக்கமில்லாத, முட்டை சேர்க்காத ஒரு அத்தைக்கு. காரணம், அங்கேதான் அம்மா திறந்து காட்டினார். முதல் ஈட்டைக் கொடுத்த வீட்டில்தான் கடைசி ஸ்டெப்பும் பத்திரமாக இருந்தது.

இதனால்தான் சொல்கிறேன், கைப்பக்குவம் என்ற சொல்லை நான் சந்தேகப்படுகிறேன். கையில் ஒரு திறமை இருப்பது உண்மை. இரண்டாவது தடவை செய்யும்போது முதல் தடவையைவிட நன்றாக வருவதும் உண்மை. ஆனால் பக்குவம் என்று சொல்லிப் பூட்டி வைப்பதில் முக்கால் பங்கு, நாம் கவனித்து வார்த்தையில் சொல்லாத சங்கதிகள்தான். "கோலம் இழுக்க வரும்வரை வறு" என்பது நாலே வார்த்தை. அந்த நாலு வார்த்தை எழுதியிருந்தால் எனக்கு ஒரு வருஷமும், எங்கள் வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸும் மிச்சம்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. சரஸ்வதி மகால் நூலகத்தில் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று ஒரு நூல் உண்டு. சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்து, 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், அரண்மனை அடுக்களையில் செய்ததை மராத்தியில் எழுதி வைத்த நூல். பிற்காலத்தில் அச்சிட்டும் வந்தது. ராஜா வீட்டுச் சமையலை எழுத முடிந்தது, ஒரத்தநாட்டு அம்மா வீட்டுச் சமையலை எழுத முடியாதா? எழுதத் தெரியாமல் இல்லை. நம் அம்மாக்கள் செய்வது எழுதத் தகுந்த வித்தை என்று நமக்குத் தோன்றவில்லை. அதுதான் நிஜம்.

அம்மாவும் அக்காவும் ஏன் சொல்லவில்லை என்றும் யோசித்தேன். அவர்கள்மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. நிலம் அப்பா பேரில். வீடு அப்பா பேரில். ரேஷன் கார்டுகூட அப்பா பேரில். "இந்த முறுக்கு அவ செஞ்சாதான் வரும்" என்று ஊர் சொன்னதே, அது ஒன்றுதான் அம்மா பேரில் இருந்த சொத்து. அதை யார் எளிதில் எழுதிக் கொடுப்பார்கள்? ஆனால் எனக்குப் பென்ஷன் இருக்கிறது, பாங்கு புத்தகம் இருக்கிறது, என் பேரில் வீடு இருக்கிறது. நான் ஒளித்து வைக்க ஒரு நியாயமும் இல்லை. என் வயதுப் பெண்களே, உங்களுக்கும் இல்லை.

"எழுதி எல்லாருக்கும் கொடுத்தால் நம் வீட்டுத் தனித்தன்மை போய்விடுமே" என்று என் தம்பி மனைவி கேட்டாள். இதே அச்சுப் பூவைக் கேரளத்தில் அச்சப்பம் என்கிறார்கள். இலங்கையில் கொக்கிஸ் என்று சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்கிறார்கள். அந்தப் பெயர் டச்சுக்காரர்களின் சொல்லிலிருந்து வந்தது, இங்கிலீஷ் குக்கீயும் அதே வேர்தான். மலேசியாவில் குவே ரோஸ். சுவீடன், நார்வேயில் பால், முட்டை, கோதுமை மாவு கலந்து கிறிஸ்துமஸுக்கே செய்கிறார்கள். இத்தனை பேர் கையில் இருந்தும் யாருடையதும் யாருடையதைப்போலும் இல்லை. கொடுத்ததால் எதுவும் தொலையவில்லை.

கடையில் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி ஷிப்ட் பார்க்கும் பெண்ணிடம் போய் மாவு வறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று வருஷம் வாங்கியவள்தானே நானும். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், ஒரு ஆழாக்கு மாவில் ஒரு ஈடு. அக்கா சொன்னதுதான், செய்யாமல் விட்டால் அடுத்த வருஷம் செய்யத் தோன்றாது. இன்னொன்று, இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வதல்ல. பையன்களே, அச்சைப் பிடிக்க ஒரு கை போதும், அது யார் கையாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது அச்சைப் பிடிப்பது பேரன்தான்.

சரி, இப்போது ஸ்டெப். நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். அம்மாவின் ஆழாக்கில் தண்ணீர் ஊற்றி அளந்தேன், 200 மில்லி. படிக்கு எட்டு ஆழாக்கு. உங்களிடம் ஆழாக்கு இல்லையென்றால் 200 மில்லி தம்ளர் போதும்.

வேண்டியவை: வறுத்த பச்சரிசி மாவு 2 ஆழாக்கு, மைதா கால் ஆழாக்கு, பொடித்த சர்க்கரை முக்கால் ஆழாக்கு, கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரை ஆழாக்கு, முட்டை 1, எள் ஒரு டீஸ்பூன், ஏலக்காய் 3, உப்பு ஒரு சிட்டிகை, சுடக் கடலை எண்ணெய்.

1. பழைய பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, துணியில் பரப்பி, கையில் ஒட்டாத அளவு உலர்ந்ததும் அரைத்துச் சலியுங்கள்.

2. மாவை அடி கனமான சட்டியில் சிறு தீயில் கைவிடாமல் வறுங்கள். நிறம் மாறக் கூடாது. ஆவி அடங்கியதும் ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் கோடு இழுங்கள். அறுபடாமல் வந்தால் இறக்குங்கள். அறுந்தால் இன்னும் இரண்டு நிமிஷம். நன்றாக ஆற விடுங்கள். இந்த ஸ்டெப்புக்குத்தான் பாதி மார்க்.

3. மாவு, மைதா, சர்க்கரை, ஏலப்பொடி, உப்பைக் கலந்து, தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். முட்டை சேர்க்காதவர்களுக்கு வேண்டியதை இப்போதே தனியாக எடுத்து, அதில் இன்னும் இரண்டு ஸ்பூன் மைதா கலந்துகொள்ளுங்கள். மிச்சத்தில் முட்டையை அடித்து ஊற்றுங்கள். எள்ளை இரண்டிலும் போடுங்கள்.

4. அரைமணி நேரம் மூடி வையுங்கள். கரண்டியைத் தோய்த்து எடுத்தால் மாவு அதன்மேல் போர்வைபோல் படிய வேண்டும், சொட்டு நிதானமாக விழ வேண்டும். கெட்டியாக இருந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

5. எண்ணெயில் அச்சை மூழ்க வைத்துக் காய விடுங்கள். எடுத்து எண்ணெயை உதறி மாவில் தோயுங்கள். மேல் விளிம்பு ஒரு நூலளவு மாவுக்கு வெளியே இருக்க வேண்டும். முழுதும் மூழ்கினால் பூ கழலாது. "சொய்" என்று சன்னமாகச் சத்தம் வந்தால் சூடு சரி. மாவு பிடிக்காமல் வழுக்கினால் அச்சு ஆறிப்போயிருக்கிறது, தோய்த்ததும் வெந்து மாவுக்குள்ளேயே விழுந்தால் அதிகச் சூடு.

6. எண்ணெயில் விட்டு, பூ விறைத்ததும் மெல்ல ஆட்டுங்கள். கழன்று மிதக்கும். மிதமான தீயில் திருப்பிவிட்டு, பொன்னிறம் வருவதற்குச் சற்று முன்பே எடுங்கள். வெளியே வந்த பிறகும் ஒரு நிழல் சிவக்கும். சுடச்சுட மெத்தென்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஆறினால்தான் மொறுமொறுப்பு.

7. முழுதும் ஆறிய பிறகே டப்பாவில் அடுக்கி மூடுங்கள்.

புது அச்சு வாங்கினால் முதல்நாள் அரிசி கழுவிய தண்ணீரிலும், பிறகு இரவு முழுக்க எண்ணெயிலும் ஊறப் போட்டுப் பழக்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் டின் தேங்காய்ப்பால் ஊற்றலாம். தேங்காய்ப்பாலை மாற்றலாம், எண்ணெயை மாற்றலாம், முட்டையை விடலாம். இரண்டாவது ஸ்டெப்பை மட்டும் மாற்றாதீர்கள்.

இப்போது வீட்டுப்பாடம். ரிட்டயர் ஆன பிறகும் விடமாட்டேன். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் நின்று ஒரே ஒரு பலகாரத்தை அளவோடும் ஸ்டெப்போடும் எழுதி வாங்குங்கள். அதிரசமோ, வட்டிலப்பமோ, பொரிவிளங்கா உருண்டையோ, எந்தப் பண்டிகையுடையதாகவும் இருக்கட்டும். அவர் "பதம்" என்று சொன்னால் விடாதீர்கள். "கையில் எப்படி இருக்கும்? சத்தம் எப்படி வரும்? எதில் சோதிப்பீர்கள்?" என்று கேளுங்கள். எழுதியதை இரண்டு பேருக்குக் கொடுங்கள். அதில் ஒருவர் உங்கள் குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் என்றால் முதலில் அவரிடம் போங்கள். என்னைப்போல் மூன்று டிசம்பரை விடாதீர்கள்.

போன வருஷம் டப்பாவில் போட்டது நாலு நாள் கழித்தும் நமக்கவில்லை. அண்ணன் ஒன்றை எடுத்தார், தின்றார், இன்னொன்றை எடுத்தார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆகவே ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த வருஷம் 22-ஆம் தேதி சுடுகிறோம். முட்டை போடாத முதல் ஈடு கும்பகோணத்துக்கு.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்